பிணியும் பிரதிநிதியும்

பிணி வந்துற்ற காலத்தில் மனிதனுக்கு வேண்டுவன எவை என்பதைத் திருவள்ளுவர் நான்காக வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து துணைபுரிபவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கொள்கை. இந்நான்கிற்கும் ஆகும் பொருளைத் தருவோர் யார் என்பதை அவர் தனியாக எடுத்துப் பேசினாரில்லை. நம் காலத்திலோ, பொருள் தரும் அந்த ஐந்தாமவரே ஏனைய நால்வரையும் நடத்துபவர் ஆகிவிட்டார். எந்த மருத்துவமனைக்குச் செல்லலாம், எந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு, எத்தொகை வரை செலவு செய்யலாம் என்பனவெல்லாம் இன்று காப்பீட்டு விதிகளால் முடிவாகின்றன.

அவ்விதிகளை வகுப்போர் யார்? அவை குறையுடையனவாயின், திருத்த வேண்டுமென்று குடிமகன் எவரிடம் சென்று சொல்வது? சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் நாம் தேர்ந்தனுப்பிய பிரதிநிதியிடம் என்பதே நேரான விடை. ஆயினும், சாலைக்காகவும் குடிநீருக்காகவும் பிரதிநிதியை நாடும் நம்மில் எத்தனை பேர், காப்பீட்டு விதியைத் திருத்துமாறு அவரை நாடியிருக்கிறோம்? அது வல்லுநர்க்கே உரிய பொருள் என்று எண்ணி வாளாவிருந்துவிடுகிறோம். வரலாறு கூறுவது வேறு. நோய்க்காலக் காப்பீடும் மக்கள் பிரதிநிதித்துவமும் உடன்பிறந்தவை போல் வளர்ந்தவை. இதனை எடுத்துக்காட்டத் தமிழகத்தின் அண்டை நகராகிய மைசூரைவிடத் தக்க இடம் காண்பது அரிது.

முதலில் பழைய முறை ஒன்றைக் காண்போம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. கோயிலைச் சார்ந்து 15 நோயாளிகள் தங்கும் ஆதுலசாலை ஒன்று நடந்த செய்தியை அது கூறுகிறது. மருத்துவன் ஒருவன், அறுவை செய்வோன் ஒருவன், மூலிகை கொணர்வோர், நோயாளியைப் பேணும் பெண்டிர், நாவிதன் என ஒவ்வொருவர்க்கும் அளக்க வேண்டிய நெல்லும், அங்கே வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கு வருவாய் ஒதுக்கிய நம் முன்னோரின் திட்பம் போற்றத்தக்கது. எனினும் இது அறத்தின் வழி. கொடுப்போரின் உள்ளமும் ஆற்றலும் எவ்வளவோ அவ்வளவே நோயாளிக்குக் கிட்டும். அவன் நன்றியுடன் பெற்றுக்கொள்பவனேயன்றி, விதி வகுப்போருடன் அமர்ந்து பேசுபவன் அல்லன்.

இந்நிலை மாறத் தொடங்கியது 1881-ஆம் ஆண்டில் என்று கொள்ளலாம். அவ்வாண்டு மார்ச் 25-ஆம் நாள், ஐம்பது ஆண்டுக்கால ஆங்கிலேய நிர்வாகத்திற்குப் பின், மைசூர் சமஸ்தானம் மீண்டும் உடையார் வமிசத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாம் சாமராஜ உடையார் அரியணை ஏறினார். திவானாக அமைந்தவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து, சென்னை அரசாங்கத்தில் பணியாற்றி, 1868-இல் மைசூருக்கு வந்த ரங்காசார்லு ஆவார். அவர் பொறுப்பேற்ற நாடு வளம் பொங்கிய நாடன்று. 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் மக்கள் மாண்டிருந்தனர். கருவூலத்தில் பொருள் குறைவு. குடிகளின் உள்ளத்தில் நம்பிக்கையும் குறைவு.

இத்தகைய வேளையில் ரங்காசார்லு செய்த செயல் வியப்புக்குரியது. குடிகளின் பிரதிநிதிகளை ஆண்டுக்கொரு முறை தசராவை ஒட்டி மைசூருக்கு அழைத்து, அரசாங்கம் செய்தவற்றையும் செய்யக் கருதுபவற்றையும் அவர்கள் முன் எடுத்துரைத்து, அவர்களுடைய கருத்துகளையும் குறைகளையும் கேட்பதென்று முடிவு செய்தார். அதன்படி 1881 அக்டோபர் 7-ஆம் நாள், மைசூர்ப் பிரஜாப் பிரதிநிதி சபை 144 உறுப்பினருடன் முதன்முதலாகக் கூடியது. சுதேச சமஸ்தானங்களில் இத்தகைய சபை அதற்கு முன் இருந்ததில்லை. ரங்காசார்லு 1883 ஜனவரியில் காலமானார். மைசூர் நகரில் அவர் பெயரால் எழுந்த மண்டபம் இன்றும் நகரத்தின் நடுவே நிற்கிறது.

இச்சபையின் பெருமையைக் கூறும்போது அதன் குறையையும் கூறுதல் முறை. தொடக்கத்தில் உறுப்பினர் பெரும்பாலும் நிலவுடைமையாளரும் வணிகருமே. தேர்தல் முறை 1891-இல் வந்தது. அப்போதும் சொத்துடையோர்க்கே வாக்குரிமை. சபைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் கிடையாது. 1923-இல்தான் சட்டத்தின் மூலம் அதற்கு நிலையான தகுதி அளிக்கப்பட்டு, புதிய வரிகளைப் பற்றியும் சட்டங்களைப் பற்றியும் அதனைக் கலந்துகொள்ளும் முறை ஏற்பட்டது. ஆகவே, கூலியாளும் குத்தகை உழவனும் அங்கே தம் வாயால் பேசினாரில்லை. ஆயினும் ஒரு நல்வழக்கம் அங்கே வேரூன்றியது. உறுப்பினர் தத்தம் தாலூகாவின் குறையைக் குறிப்பிட்டுக் கூறுவதும், அரசாங்கத்தார் அதற்கு எல்லோரும் கேட்க விடையிறுப்பதுமே அவ்வழக்கம். ஏரிக்கரை உடைந்த செய்தியாயினும், நிலவரி மிகுந்த செய்தியாயினும், ஊரும் விவரமும் சுட்டிப் பேசப்பட்டது. அந்த விவரமே பேச்சுக்கு வலிமை தந்தது. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நமக்குப் பயன்படும்.

மைசூர்ச் சபை கூடி நாற்பத்தொரு நாள் சென்றபின், 1881 நவம்பர் 17-ஆம் நாள், கடல்கள் பல கடந்து பெர்லின் நகரில் ஜெர்மானிய நாடாளுமன்றத்தின் முன் ஒரு செய்தி படிக்கப்பட்டது. தொழிலாளர்க்கு விபத்து, நோய், முதுமை ஆகிய காலங்களில் பாதுகாப்பளிக்கச் சட்டங்கள் செய்யப்படும் என்று சக்கரவர்த்தியின் பெயரால் பிஸ்மார்க் அறிவித்தார். பிஸ்மார்க் தொழிலாளர் இயக்கத்தை அடக்க விரும்பியவர். அன்பினால் மட்டும் அவர் இதனைச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. எனினும் 1883-இல் நிறைவேறிய நோய்க்காப்பீட்டுச் சட்டம் உலகிற்கே முன்மாதிரி ஆயிற்று. மருத்துவமும் மருந்தும் இலவசம். அதனோடு, நோயினால் வேலைக்குச் செல்ல முடியாத நாட்களுக்குப் பாதிக் கூலியும் 13 வாரம் வரை உண்டு. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளர் பொறுப்பு. ஒரு பங்கு முதலாளி பொறுப்பு. பணம் செலுத்தும் அளவிலேயே நிதியை நடத்தும் குழுக்களிலும் இடம் வகுக்கப்பட்டது. எனவே, மூன்றில் இரண்டு பங்கு இடங்களில் தொழிலாளர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அமர்ந்தனர்.

நோயாளியாகக்கூடியவனே நிதியின் நிர்வாகியாகவும் ஆன அந்த ஏற்பாடு எவ்வளவு வலிமையுடையது என்பதை அதன் பகைவர் நன்கறிந்திருந்தனர். ஹிட்லர் ஆட்சி 1934-இல் இத்தேர்தல் முறையை ஒழித்து, மேலிருந்து நியமித்தோரிடம் நிதிகளை ஒப்படைத்தது. போருக்குப் பின் 1951-இல்தான் மேற்கு ஜெர்மனியில் அம்முறை மீண்டது. காப்பீடு இருந்தும் குரல் பறிபோவது உண்டு என்பதற்கு இது சான்று.

மைசூருக்குத் திரும்புவோம். ரங்காசார்லுவுக்குப் பின் திவானாகிப் பதினெட்டு ஆண்டு ஆட்சி புரிந்தவர் சேஷாத்ரி ஐயர். அவர் காலத்தில், சபைக்குத் தேர்தல் முறை வந்த அதே 1891-இல், சமஸ்தான அரசு தன் ஊழியர்க்கு ஆயுட்காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இன்று கர்நாடக அரசின் காப்பீட்டுத் துறையாக விளங்குவது அதன் வழித்தோன்றலே. சம்பளத்தில் சிறு தொகையைப் பிடித்துச் சேர்த்து, ஊழியர் இறந்தால் குடும்பத்திற்குத் தருவது அதன் முறை. பலருடைய சிறு பணம் சிலருடைய பெருந்துன்பத்தைத் தாங்கும் என்னும் உண்மையை அரசு நிர்வாகம் தன் அனுபவத்தில் அறிந்தது. ஆனால் அது இறப்புக்கு ஈடு செய்ததேயன்றி நோய்க்கு ஈடு செய்யவில்லை; உத்தியோகஸ்தரைக் காத்ததேயன்றி உழவரைக் காக்கவில்லை.

நோய்க்கு மைசூர் வேறொரு வழியை மேற்கொண்டது. அரசே மருத்துவமனை கட்டிப் பொதுப் பணத்தில் நடத்துவது அவ்வழி. 1924-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி 1930-இல் மைசூருக்கு மாற்றப்பட்டது. அதனைச் சார்ந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையும், பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் உரிய செலுவாம்பா மருத்துவமனையும், காசநோயாளர்க்காக இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் பெயரால் அமைந்த இல்லமும் சுற்றுப்புறக் கிராமத்தார்க்கு இன்றளவும் புகலிடங்களாக இருந்துவருகின்றன. பொருளின்மையால் எவரும் தக்க மருத்துவம் பெறாமற் போகலாகாது என்று 1946-இல் அறிக்கை தந்த போர் கமிட்டியும் இவ்வழியையே நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. அக்கமிட்டியில் நம் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் ஓர் உறுப்பினர்.

இதற்கிடையே காப்பீட்டு வழியும் இந்தியாவில் கால்கொண்டது. பிரிட்டனில் பெவரிட்ஜ் அறிக்கை 1942 இறுதியில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே இந்திய அரசாங்கம் பேராசிரியர் பி. பி. அடார்க்கரிடம் ஆலைத் தொழிலாளர்க்கான நோய்க்காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்குமாறு பணித்தது. அவருடைய அறிக்கை 1944 ஆகஸ்டில் வந்தது. சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் வல்லுநர் இருவர் அதனை ஆராய்ந்து திருத்தங்கள் கூறினர். மசோதா 1946 நவம்பரில் மத்திய சட்டசபையில் கொணரப்பட்டு, நாடு விடுதலை பெற்றபின் 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டுச் சட்டமாயிற்று. சட்டம் எழுந்த பின்னும் செயல் எளிதாக எழவில்லை. நான்கு ஆண்டுகள் கடந்து, 1952 பிப்ரவரி 24-ஆம் நாள்தான் பிரதமர் நேரு கான்பூரில் அதனைத் தொடங்கிவைத்தார். கான்பூர், டில்லி இரு நகரங்களிலும் சேர்த்து முதலில் பயன்பெற்றோர் 1,20,000 தொழிலாளர். கோயம்புத்தூருக்கு 1955-இலும், அன்றைய மைசூர் இராச்சியத்தின் பெங்களூருக்கு 1958-இலும் அத்திட்டம் வந்தது.

அச்சட்டத்தின் இரு கூறுகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது, அது மருந்தோடு நிற்கவில்லை. நோயுற்ற நாட்களில் கூலியின் ஒரு பகுதியையும் தந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 56 நாள் என்றிருந்த அவ்வுதவி பிற்காலத்தில் 91 நாளாகவும், கூலியில் நூற்றுக்கு 70 பங்காகவும் வளர்ந்தது. இரண்டாவது, திட்டத்தை நடத்தும் கழகத்தில் தொழிலாளர், முதலாளிகள், மருத்துவர், மாநில அரசுகள் ஆகியோரின் பிரதிநிதிகளோடு, மக்கள் தேர்ந்தனுப்பிய சட்டமன்றத்தின் உறுப்பினர்க்கும் இடம் ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் மக்களவையிலிருந்து இருவரும் மாநிலங்களவையிலிருந்து ஒருவரும் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர். காப்பீட்டைப் பற்றி நாடாளுமன்ற உறுப்பினரிடம் பேசுவது பொருத்தமற்ற செயல் என்று யாரேனும் கூறுவாராயின், அவர்க்கு இந்த ஏற்பாடே விடையாகும்.

ஆனால் ஆலைக்கு வெளியே இருந்தோர் நிலை யாது? மைசூரில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஊதுவத்தி உருட்டும் பெண்டிரும், பீடி சுற்றும் பெண்டிரும், நன்செய்களில் நாற்று நடும் கூலியாட்களும் அச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. இவர்க்குத் தலைவாயிலில் நேரக் கணக்கு எழுதும் ஆலையும் இல்லை. சம்பளத்தில் பிடித்தம் செய்யும் கணக்கரும் இல்லை. சந்தாவை யாரிடம் வாங்குவது, யார் வாங்குவது என்னும் சிக்கலே அரை நூற்றாண்டு இவர்களைப் புறத்தே நிறுத்திவைத்தது.

அச்சிக்கலை அவிழ்க்கத் தனியார் சிலர் முயன்றனர். சென்னையில் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய தன்னார்வ மருத்துவச் சேவை நிறுவனம், குடும்பத்தின் வருவாய்க்கேற்பச் சந்தா செலுத்தி ஆண்டு முழுதும் மருத்துவம் பெறும் முறையை நடத்திக் காட்டியது. மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் வழியிலுள்ள கூடலூரில், 1992 முதல் பழங்குடி மக்களுக்கு அவர்தம் சங்கத்தின் வாயிலாகக் காப்பீடு அளிக்கப்பட்டது. இம்முயற்சிகள் சிறியவை, எனினும், சங்கமாகக் கூடியிருக்கும் ஏழைகளிடம் சந்தா வாங்க இயலும் என்பதை மெய்ப்பித்தவை.

மைசூர் மாவட்டத்திலேயே நிகழ்ந்த முயற்சி ஒன்றைச் சற்று விரித்துரைப்போம். காவிரியும் கபினியும் கூடுமிடத்தில் திருமகூடலு நரசிபுரம் என்னும் தாலூகாத் தலைநகர் உள்ளது. பெயரிலும் நீரிலும் அது நம் திருமுக்கூடலுக்கு உறவுடையது. அத்தாலூகாவில் டாக்டர் எச். சுதர்சன் அவர்களின் கருணா அறக்கட்டளை, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடும், பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கூட்டோடும், 2002-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுச் சந்தா ஆளுக்கு ஏறத்தாழ 20 ரூபாய். வறுமையில் வாடிய தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அச்சந்தாவும் உதவித்தொகையால் ஈடுசெய்யப்பட்டது.

இத்திட்டத்தின் நுட்பம் யாது? அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்றுதான் விதி கூறுகிறது. அவ்வாறாயின் ஏழை எதனால் கடன்படுகிறான்? மருத்துவமனையில் இல்லாத மருந்தை வெளியே வாங்குவதால் ஒரு கடன். படுத்த நாட்களில் கூலி இழப்பதால் மற்றொரு கடன். இவ்விரண்டையும் கண்டறிந்து, அரசு மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் மருந்துக்கென 50 ரூபாயும், இழந்த கூலிக்கென 50 ரூபாயும் தருமாறு திட்டம் அமைக்கப்பட்டது. பெரிய அறுவை சிகிச்சைக்கு இத்தொகை எம்மூலைக்கும் போதாது. எனினும், ஏழையின் வீட்டுக் கணக்கைப் படித்தபின் எழுதப்பட்ட விதி இது. கூலிக்கு ஈடு கொடுத்த வகையில், 1883-ஆம் ஆண்டின் ஜெர்மானியச் சட்டமும் 1948-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் கொண்டிருந்த கருத்தையே இத்தாலூகாத் திட்டம் சிறு அளவில் மீண்டும் கண்டெடுத்தது என்று கூறலாம்.

அடுத்து வந்தது யசஸ்வினி என்னும் திட்டம். இதயநோய் மருத்துவர் தேவி பிரசாத் ஷெட்டியின் யோசனையைக் கர்நாடக அரசு ஏற்று, 2002 நவம்பரில் அறிவித்து, 2003 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியது. பால் சங்கம், வேளாண் கடன் சங்கம் முதலிய கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் மாதம் 5 ரூபாய் வீதம் செலுத்தினால், 1,600-க்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெறலாம். முதலாண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தனர். சந்தாவை யார் வாங்குவது என்ற பழைய சிக்கலைப் பாலுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் சங்கமே தீர்த்து வைத்தது. ஆயினும் அறுவை வேண்டாத நோய்கள் பெரும்பாலும் இதன் புறத்தே நின்றன. கூலிக்கும் ஈடு இல்லை.

இதன்பின் அரசுகளே சந்தா முழுவதையும் செலுத்தும் காலம் வந்தது. தமிழகத்தில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தில் அமைந்தது. கர்நாடகத்தில் வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ திட்டம் 2010-இல் வடபகுதியில் தொடங்கி, மைசூர்ப் பகுதிக்கு 2012-இல் வந்தது. வறுமைக் கோட்டின் கீழுள்ளோர்க்கு இதயநோய், புற்றுநோய் முதலிய கொடிய நோய்களுக்கு உயர்தரச் சிகிச்சை அளிப்பது அதன் நோக்கம். திட்டம் வந்த வடபகுதிக் கிராமங்களையும், எல்லைக்கு இப்பால் திட்டம் வராத கிராமங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தோர் 2014-இல் தம் முடிவை வெளியிட்டனர். திட்டம் ஏற்றிருந்த நோய்களால் நேர்ந்த சாவு, திட்டம் வராத ஏழைக் குடும்பங்களில் நூற்றுக்கு 0.90, வந்த குடும்பங்களில் 0.32. அதாவது நூற்றுக்கு 64 பங்கு குறைவு.

இவ்வெண்ணை நேயர்கள் ஒரு கணம் நின்று நோக்க வேண்டும். எல்லைக்கோட்டிற்கு அப்பாலுள்ள ஊரும் இப்பாலுள்ள ஊரும் ஒரே மண், ஒரே மழை, ஒரே வறுமை உடையவை. திட்டம் எவ்வூருக்கு முதலில் செல்லும் என்ற அரசாங்க முடிவு ஒன்றே இடையிலிருந்த வேறுபாடு. அம்முடிவைச் செய்தவர்கள் நாம் தேர்ந்தெடுத்தவர்கள். காப்பீட்டு விதி என்பது கணக்கரின் ஏட்டில் உறங்கும் எழுத்தன்று. உயிரோடு தொடர்புடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2018-இல் பல திட்டங்கள் ஒன்றாக்கப்பட்டன. ஆரோக்கிய கர்நாடகம் என்னும் திட்டம் மார்ச்சில் தொடங்கி, அவ்வாண்டே மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. ஏனையோர்க்குக் குறிப்பிட்ட கட்டணத்தில் நூற்றுக்கு 30 பங்கு, 1.5 லட்சம் ரூபாய் வரை. முதலில் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே இயலாத சிகிச்சைக்கு மட்டும், அங்கிருந்து பெறும் பரிந்துரைச் சீட்டுடன் தனியார் மருத்துவமனைக்குச் செல்லலாம். அவசரச் சிகிச்சைக்கு இக்கட்டுப்பாடு இல்லை. இவ்விணைப்பில் யசஸ்வினியும் மறைந்தது. தம் சங்கத்தின் வழியாகப் பெற்ற உரிமையை இழந்த உழவரிடையே அது மீண்டும் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. 2022-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அரசு அதனை மீண்டும் அறிவித்தது. ஒருமுறை எடுத்த முடிவும் மக்கள் கேட்டால் மாறக்கூடியதே என்பதற்கு மைசூர் நாட்டு உழவர் கண்ட அண்மை எடுத்துக்காட்டு இது.

இவ்வரலாறு அனைத்தையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். காப்பீடு தோன்றிய காலத்தில், காக்கப்படுவோர் அதன் நிர்வாகத்தில் அமர்ந்திருந்தனர். தொகை பெருகப் பெருக, மக்கள் தொகையும் பெருகப் பெருக, அவர்கள் அட்டை வைத்திருப்போராக மாறினர். 20 ரூபாய் சந்தா கொடுத்தவனுக்குச் சங்கத்தில் கேட்க இடமிருந்தது. 5 லட்சம் ரூபாய்க் காப்புடையவனுக்குக் கேட்குமிடம் தெரியவில்லை. சந்தாவை அரசு செலுத்துகிறது என்பதால் கேட்கும் உரிமை போய்விடுவதில்லை. அரசு செலுத்துவதும் நம் வரிப்பணமே. பங்கு செலுத்துவோர் குழுவில் அமர வழியில்லாத இடத்தில், அக்குழுவின் வேலையைப் பிரதிநிதியே செய்தாக வேண்டும்.

அவரிடம் எவற்றைப் பற்றிப் பேசலாம்? மூன்று பொருள்களை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, இழந்த கூலி. ஆலைத் தொழிலாளிக்கு 1948 முதல் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமையை நாட்கூலியாள் மட்டும் இன்னும் பெறாதிருப்பதற்கு நியாயம் யாது? ஒரு தாலூகாவில் நாளொன்றுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிக் காட்டியதை மாநிலம் ஏன் ஆராயலாகாது? கூலி போகுமென்று அஞ்சி மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடும் ஏழைக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பும் காலத்தில் உதவாது.

இரண்டாவது, படுக்கையில் சேராமல் பெறும் மருத்துவம். நம் நாட்டுக் குடும்பங்கள் தம் கையிலிருந்து மருத்துவத்திற்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி புறநோயாளிச் சிகிச்சைக்கும் மருந்துக்குமே செல்கிறது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரையைக் காப்பீடு கவனியாமல், அவை முற்றி இதயமும் சிறுநீரகமும் பழுதுற்றபின் லட்சங்களைச் செலவிடுவது, கரை கசியும்போது மண் போடாமல் ஏரி உடைந்தபின் அணை கட்டுவதை ஒக்கும். தாலூகா மருத்துவமனையின் மருந்தகம் நிறைந்திருக்கிறதா என்பதும் காப்பீட்டுச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியே.

மூன்றாவது, கேட்கப்படும் உரிமை. பரிந்துரைச் சீட்டு மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது? இலவசமென்று கூறிப் பணம் வாங்கினால் எத்தனை நாளில் தீர்ப்புக் கிட்டும்? தாலூகாவில் எத்தனை பேர் சிகிச்சை வேண்டினர், எத்தனை பேர் பெற்றனர், எத்தனை பேர் திருப்பப்பட்டனர் என்ற கணக்கு ஆண்டுக்கொருமுறை ஊரார் அறிய வெளியிடப்பட வேண்டும். இதனைச் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்பப் பிரதிநிதிக்கு அதிகாரம் உண்டு. அரசு மருத்துவமனைகளின் ஆரோக்கிய ரட்சா சமிதிகளிலும் அவர் குரல் கொடுக்கலாம்.

பேசும் முறையைப் பழைய மைசூர்ச் சபையே நமக்குக் கற்பிக்கிறது. "காப்பீடு சரியில்லை" என்று பொதுவாகக் குறை கூறினால், "கவனிக்கிறோம்" என்ற பொது விடையே கிடைக்கும். இன்ன ஊரில், இன்ன மாதத்தில், இன்ன நோய்க்கு, இன்ன காரணம் கூறி இத்தனை பேர் திருப்பப்பட்டனர். அதனால் ஆளுக்கு இத்தனை ரூபாய் கடன் ஏற்பட்டது என்று எழுதிக் கொடுத்தால், விடையும் அவ்வாறே குறிப்பாக வந்தாக வேண்டும். தனியொருவர் செல்வதைவிடப் பால் சங்கத்தாரும், பெண்கள் சுய உதவிக் குழுவினரும், பீடித் தொழிலாளர் சங்கத்தாரும் கூடிச் செல்வது நன்று. தேர்தலுக்கு முன் செல்வதினும், வரவுசெலவுத் திட்டம் எழுதப்படும் மாதங்களில் செல்வது பயனுடையது. அவர் எக்கட்சியினர் என்று பார்ப்பதும் வேண்டாம். நோய் கட்சி பார்த்து வருவதில்லை.

பிரஜாப் பிரதிநிதி சபை 1949-இல் கலைக்கப்பட்டது. இன்று தசராவில் மைசூர் அரண்மனை விளக்கொளியில் திகழ்கிறது; யானை ஊர்வலம் காண மக்கள் திரள்கின்றனர்; ஆனால் தாலூகாக்களின் குறைகளைக் கேட்கும் கூட்டம் அங்கே கூடுவதில்லை. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. அன்று 144 பேர்க்கு இருந்த பேசும் வாய்ப்பு இன்று வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவர்க்கும் உண்டு. சொத்துடையோர் மட்டுமே பேசிய காலத்திலும் ஏரிக்கும் சாலைக்கும் விடை கிடைத்தது. எல்லோரும் பேசக்கூடிய காலத்தில் மருந்துக்கும் கூலிக்கும் விடை கிடைக்கவில்லையெனின், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடம் நாம் இன்னும் விவரமாகக் கேட்கவில்லை என்பதே பொருள். அடுத்த முறை நம் பிரதிநிதி ஊருக்கு வரும்போது, சாலையைப் பற்றிய மனுவோடு இவ்விவரமும் எழுதிய தாள் ஒன்று அவர் கையில் சேர்வதாகுக.